வணங்கிய பின் எழுவதற்கு

சித்திரைத் திருவாதிரையன்று ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலில் நிற்க இடமிராது. உடையவர் அவதரித்த தலத்தில், அவர் அவதரித்த நன்னாள், கேட்கவும் வேண்டுமோ? ஒரகடத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துச் சென்றிருந்தேன். பெருமாளையும் தாயாரையும் சேவித்து, ‘தானுகந்த திருமேனி’யாக எழுந்தருளியிருக்கும் எம்பெருமானாரையும் கண்குளிரச் சேவித்தபின், கொடிமரத்தருகே சாஷ்டாங்கமாகத் தண்டனிட்டேன்.

விழுந்து வணங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. எழ முற்பட்டபோதுதான் தெரிந்தது. கைகளை ஊன்றினேன், தோள்கள் நடுங்கின. முழங்காலை மடக்கினேன், தொடை ஒத்துழைக்கவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை, மூச்சு முட்டவும் இல்லை. எழ முடியவில்லை, அவ்வளவே. பக்தி மேலீட்டால் கிடக்கிறார் போலும் என்றெண்ணி அன்பர்கள் சிலர் மரியாதையோடு ஒதுங்கிச் சென்றனர். இரண்டு மூன்று நிமிடங்களுக்குப் பிறகு இளைஞர் இருவர் கவனித்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினர். “தாத்தா, தண்ணி கொண்டாரட்டுமா?” என்று கேட்டார் ஒருவர். எனக்கு வயது 74. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக நின்றுகொண்டே பாடம் நடத்தியவன். அன்று அந்தக் கருங்கல் தளத்தில் அடைந்த கூச்சத்தை இன்னும் மறக்கவில்லை.

குருபரம்பரைச் சரித்திரம் கேட்ட அன்பர்களுக்குக் கிடாம்பி ஆச்சான் கதை நினைவிருக்கும். காவிரியின் சுடுமணலில் திருக்கோட்டியூர் நம்பியை உடையவர் தண்டனிட்டார். ஆசாரியர் ‘எழுந்திரு’ என்று அருளும்வரை எழலாகாது. நம்பியோ வாய் திறக்கவில்லை. மணலின் வெப்பத்தில் உடையவரின் திருமேனி வாடுவதைக் காணப் பொறாமல், கிடாம்பி ஆச்சான் தாம் மணலில் படுத்து உடையவரைத் தம்மீது ஏந்திக்கொண்டார். நம்பியையும் நொந்துகொண்டார். உடையவருக்குப் பிட்சையில் நஞ்சு கலக்கப்பட்ட நிகழ்ச்சிக்குப் பிந்தைய காலம் அது. “இவருடைய திருமேனியில் பரிவுடையவர் யாரென்று பார்க்கவே இப்படிச் செய்தேன்” என்ற கருத்தில் நம்பி பேசி, உடையவருக்கு அமுது சமைக்கும் பொறுப்பை ஆச்சானிடமே ஒப்படைத்தார்.

திருமேனியில் பரிவு என்ற அந்தச் சொல் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னோடு வந்தது. நம் உடம்பின்மீது நாம் எவ்வளவு பரிவு காட்டுகிறோம்? சர்க்கரைக்கு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து என எல்லாம் செய்கிறோம். நம்மைத் தூக்கி நிறுத்தும் தசையை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

மறுவாரம் முதியோர் நலம் அறிந்த மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் எக்ஸ்ரே எதுவும் கேட்கவில்லை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொன்னார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். எனக்கு 19 விநாடிகள் ஆயின. ஆசிய நாடுகளின் மருத்துவ வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயக்கத்திறன் குறைந்துள்ளது என்று கொள்ள வேண்டுமாம். கெண்டைக்காலின் சுற்றளவையும் நாடாவால் அளந்தார். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் தசை தேய்ந்திருக்கக்கூடும் என்பதற்கு அது ஓர் அறிகுறி. என்னுடையது 32. இந்த இரண்டையும் வீட்டிலேயே, பேரனின் உதவியோடு, எவரும் அளந்து பார்க்கலாம்.

இந்தத் தேய்வுக்குச் ‘சார்கோபீனியா’ என்று பெயர். அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் 1989இல் சூட்டியது. கிரேக்க மொழியில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை. ‘பீனியா’ என்றால் வறுமை. சதையின் வறுமை. நடுவயதிலேயே மெல்லத் தொடங்கிவிடும் இந்த வறுமை அறுபதைக் கடந்தபின் விரைவு பெறுகிறது. சதையின் அளவு குறைவதைக் காட்டிலும் அதன் வலிமை வேகமாகக் குறைகிறது. அதிலும் விரைந்து சுருங்கும் தன்மையுள்ள தசையிழைகளே முதலில் மெலிகின்றன. கோயில் நிலைப்படியில் கால் இடறும்போது சட்டென்று மறுகாலை முன்வைத்து நம்மைக் காப்பவை அந்த இழைகளே. ஆகவேதான் இளமையில் தடுமாற்றத்தோடு முடிவது முதுமையில் இடுப்பெலும்பு முறிவில் முடிகிறது.

ஓய்வு எடுத்தால் வலிமை சேரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். 2007இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதுடைய, நோயற்ற 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. காய்ச்சல் என்று பத்து நாள் படுத்தவர் எழுந்து நடக்கும்போது, ‘காய்ச்சல் வாட்டிவிட்டது’ என்கிறோம். படுக்கையும் சேர்ந்தே வாட்டியிருக்கிறது.

மணை போய் நாற்காலி வந்தது

ஒரகடம் இன்று கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் இடம். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. அடுத்தடுத்துப் பிறவும் வந்தன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் இந்த நாற்சந்தியில் விடியுமுன்பே கம்பெனிப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும். பிள்ளைகளும் மருமகள்களும் ஷிஃப்டுக்குப் புறப்பட்டுவிட, வீடுகளில் எஞ்சுபவர்கள் எங்களைப் போன்ற முதியவர்கள்தாம்.

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். வல்லம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடவு நட்டவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. அந்தப் பணத்தில் மகன் மாடி வீடு கட்டினார். மூதாட்டி இப்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மாதந்தோறும் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் செல்வது அவர் வழக்கம். ஏழடி உயரத்தில் நின்ற கோலத்தில் காட்சி தரும், அருணகிரிநாதர் பாடிய அந்தப் பெருமானை ஓராண்டாக அவர் காணவில்லை. காரணம் கேட்டேன்.

“பஸ்ஸுல அந்த முதல் படி இருக்குதே, அதுல கால் ஏற மாட்டேங்குது வாத்தியாரய்யா. பின்னாடி நிக்கிறவங்க ‘சீக்கிரம் ஏறு பாட்டி’ன்னு கத்துறாங்க. எதுக்கு ஊருக்குத் தொந்தரவு?” என்றார். சற்று நேரம் கழித்து, “நடவு நட்ட காலுங்க இது” என்று தம் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

நடவு நின்றதும் அந்தக் கால் என்ன செய்யும்? குனிதல், குந்துதல், தண்ணீர் சேந்துதல், ஆட்டுக்கல்லில் அமர்ந்து அரைத்தல், மணையில் அமர்ந்து உண்டு எழுதல் எல்லாம் போய்விட்டன. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை தரையிலிருந்து எழுந்த தலைமுறை நாம். இன்று கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. வீட்டார் அன்பு மிகுதியால், “நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்” என்கிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்லவில்லை. ஆயினும் ஒரு குவளைத் தண்ணீருக்கு எழுவதும் தொடைக்கு ஒரு வேலை என்பதை நாம்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை என் மருத்துவர் குறிப்பிட்டார். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொன்னார்கள். மொத்த மதிப்பெண் 10. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண் குறையும். பின்வந்த ஆண்டுகளில், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே இறப்பு மிகுதியாக இருந்தது. தரையிலிருந்து எழ முடியாமையே உயிரைக் குடிக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. உடம்பின் பொதுநிலையை அது காட்டிக்கொடுக்கிறது. நாம் சந்நிதியில் நாள்தோறும் செய்துவந்த ஒரு செயலை வெளிநாட்டு மருத்துவர் மதிப்பெண் போட்டு அளக்கிறார் என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

தொண்ணூறிலும் கூடும்

“இந்த வயதில் இனி என்ன வலிமை வரப்போகிறது?” என்பது அடுத்த கேள்வி. நானும் அதைத்தான் கேட்டேன். பாஸ்டன் நகரின் முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் மரியா ஃபியடரோன் என்ற மருத்துவர், சராசரியாக 90 வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி அளித்து, அதன் விளைவை 1990இல் வெளியிட்டார். நிறைவு செய்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் அதில் கணிசமான பங்கு குறைந்தும் போயிற்று. இரண்டும் நமக்குப் பாடம். அது கருவிகளோடு, மருத்துவர் மேற்பார்வையில் நடந்த கடுமையான பயிற்சி. வீட்டில் அப்படியே செய்யக்கூடியதன்று. ஆனால் தொண்ணூறு வயதுத் தசையும் அழைத்தால் எழுந்து வரும் என்பது அன்றே நிரூபணமாயிற்று.

வீட்டில் செய்வதற்கு ஏற்ற வழியை நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் காட்டினர். 80 வயதும் அதற்கு மேலும் உள்ள 233 பெண்மணிகளில் ஒரு பாதியினருக்கு வீட்டிலேயே கால் வலிமைக்கும் சமநிலைக்கும் எளிய பயிற்சிகள் கற்பிக்கப்பட்டன. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். ஓராண்டு முடிவில் பயிற்சி செய்யாத பிரிவினர் 152 முறை கீழே விழுந்திருந்தனர். செய்தவர்கள் 88 முறை. 1997இல் வெளியான இந்த முறையை இன்று பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள்.

அரை மணி நேரமும் முடியாது என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகம் 2025இல் ஒரு செய்தியைத் தந்தது. நாள்தோறும் ஐந்தே நிமிடம், நான்கு வாரம். நாற்காலியில் மெல்ல அமர்தல், சாய்ந்த நிலைக்கு மெல்ல இறங்குதல், சுவரில் கை ஊன்றி மெல்லச் சாய்தல், குதிகாலை மெல்ல இறக்குதல் ஆகியவையே பயிற்சி. பங்கேற்ற 22 பேரும் எழுபது வயதுக்குட்பட்டவர்கள், உடலுழைப்பு இல்லாதவர்கள். அவர்களின் வலிமை கூடிற்று. இதில் உள்ள நுட்பம் ‘மெல்ல இறங்குதல்’ என்பதே. கிணற்றில் குடத்தை இறக்குவதை எண்ணிப் பாருங்கள். கயிற்றை விட்டுவிட்டால் குடம் தானே விழும். கைக்கு வேலை இல்லை. பிடித்துப் பிடித்து இறக்கினால் கைக்கு நல்ல வேலை. நாற்காலியில் ‘பொத்’தென்று விழுபவரின் தொடை கயிற்றை விட்டுவிட்டது. ஒவ்வோர் அங்குலமாக அமர்பவரின் தொடை கயிற்றைப் பிடித்திருக்கிறது. இறங்கும்போது மூச்சு வாங்குவதும் ஏறும்போதைக் காட்டிலும் குறைவு. முதியவர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

மகனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். “எங்க ஆலையிலயும் லைன் ஓடறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நின்னு அஞ்சு நிமிஷம் கை காலை அசைப்போம்பா. இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கே அது வேணும்னா, உங்களுக்கு வேண்டாமா?” ஜப்பானில் 1928 முதல் வானொலி இசைக்கேற்ப மக்கள் காலையில் உடற்பயிற்சி செய்கிறார்கள், அங்கே முதியவர்கள் பூங்காக்களில் கூடி இன்றும் அதைச் செய்வதுண்டு. அந்நாட்டு ஆலைகளின் பழக்கம் ஒரகடத்துக்கு வந்து, என் மகன் வழியாக என் பூஜையறைக்கும் வந்து சேர்ந்தது.

நானும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து அமைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். காலையில் விளக்கேற்றிய பின், பால் காய்வதற்குள் முடிந்துவிடும். வேண்டியது கனமான மர நாற்காலி ஒன்று. அதன் முதுகு சுவரை ஒட்டியிருக்க வேண்டும். இலகுவான பிளாஸ்டிக் நாற்காலி தளத்தில் வழுக்கும், கூடவே கூடாது. குளித்துவிட்டு ஈரக்காலோடு செய்வதும் கூடாது.

நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைத் தோளகலத்தில் ஊன்றி, உடலைச் சற்று முன்சாய்த்து எழுகிறேன். பிறகு ச–ர–வ–ண–ப–வ என்று ஆறெழுத்தையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமர்கிறேன். ‘வ’ என்னும்போதுதான் உடல் நாற்காலியைத் தொட வேண்டும். வாய்விட்டுச் சொல்வதில் ஒரு பயன் உண்டு: மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவது இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நல்லதன்று, நாமம் சொல்பவரால் மூச்சை அடக்க இயலாது. முதல் வாரம் ஐந்து முறை, பின்னர் பத்து. தொடக்கத்தில் கைகளை ஊன்றி எழுவதில் தவறில்லை. நானும் மூன்று வாரம் அப்படியே செய்தேன்.

அடுத்து, சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கைகளை மடக்கி மெல்லச் சாய்ந்து, மீண்டும் தள்ளி நிமிர்வது. தரையிலிருந்து எழும்போது உடலைத் தள்ளித் தூக்குபவை இந்தக் கைகளும் தோள்களுமே. அன்று கொடிமரத்தருகே என்னைக் கைவிட்டவையும் இவையே.

மூன்றாவதாக, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, உயரத்தில் தொங்கும் கோயில் மணியை அடிக்க எக்குவதுபோலக் குதிகால்களை உயர்த்தி, மெல்ல இறக்குவது. கெண்டைக்காலுக்கு இதனினும் நல்ல பயிற்சி இல்லை.

நான்காவதைச் சொல்லித்தரும்போது இயன்முறை மருத்துவர், “ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் பெருவிரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும்” என்றார். நான் சிரித்துவிட்டேன். அடிப்பிரதட்சிணம் அல்லவா அது! வேண்டுதலுக்காக நம் தாய்மார்கள் பிராகாரம் முழுவதும் செய்வது. நியூசிலாந்துக்காரர்களின் பயிற்சியிலும் இந்த நடை இடம்பெற்றிருக்கிறது. சுவரோரமாக, ஒரு கை சுவரைத் தொட்டிருக்க, பத்து அடி போய்ப் பத்து அடி வந்தால் போதும். வீட்டில் பழகாமல் கோயில் நெரிசலில் செய்ய வேண்டாம்.

தோப்புக்கரணத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கைகளால் காதைப் பற்றுதல் என்ற பொருள்தரும் வடசொல்லிலிருந்து வந்த பெயர் அது என்பர். அமர்ந்து எழும் பயிற்சிகளுக்கெல்லாம் அது தாத்தா. ஆனால் இரு கைகளும் காதைப் பிடித்திருப்பதால் தடுமாறினால் ஊன்றக் கை இருக்காது. ஆகவே முதல் ஒரு மாதம் நாற்காலிப் பயிற்சியிலேயே நின்று, பின்னர் நாற்காலியைப் பின்னால் வைத்துக்கொண்டு, முழுவதும் குந்தாமல் பாதியளவு மட்டும் அமர்ந்து எழலாம். விநாயகர் கணக்குப் பார்ப்பவரல்லர், மூன்று போதும்.

இனி முக்கியமான ஒன்று: தண்டனிட்ட பின் எழும் முறை. நேராக எழ முயலக்கூடாது. முதலில் ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்கையின் முழங்கையையும் மேல்கையின் உள்ளங்கையையும் ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். அடுத்துக் குழந்தை தவழும் நிலைக்கு வந்து, அருகிலுள்ள நாற்காலிக்கோ தூணுக்கோ தவழ்ந்து செல்ல வேண்டும். பிடிப்பில் கைகளை வைத்து, வலிமையான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, மற்றதை முழங்காலிட்டபடி வைத்து, காலால் அழுத்தி எழ வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல், தலைசுற்றல் இல்லையென்று தெரியும்வரை அப்படியே நிற்க வேண்டும். வீட்டில் ஆள் இருக்கும்போது, பாய் விரித்து, வாரம் ஒருமுறையேனும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். குளியலறையில் விழுந்து, எலும்பு முறியாமலேயே, எழத் தெரியாத காரணத்தால் மணிக்கணக்கில் தரையில் கிடந்தவர்களை நான் அறிவேன்.

எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது. அண்மையில் இதய சிகிச்சையோ கண் அறுவையோ செய்துகொண்டவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதவர்கள், எலும்பு மெலிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் குந்துவதும் தரையில் மண்டியிடுவதும் மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே. பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல் தோன்றினால் அக்கணமே நிறுத்திவிட்டு உதவி நாட வேண்டும். மறுநாள் தொடையில் லேசான வலி இருப்பது இயல்பு. மூட்டு வீங்கினால் இயல்பன்று.

வணங்கி எழ முடியாதவர்கள் வருந்தவும் வேண்டாம். நின்றபடி கைகூப்பும் அஞ்சலி ஒன்றே பெருமான் உள்ளத்தை உருக்கும் என்பது பெரியோர் வாக்கு. கைத்தடி ஊன்றுவதும் பிறர் தோள் பற்றுவதும் இழிவல்ல. காவிரிக்கு நீராடச் செல்கையில் முதலியாண்டானின் கைப்பற்றியும், நீராடித் திரும்புகையில் உறங்காவில்லி தாசரின் கைப்பற்றியும் நடந்தவர் நம் உடையவர்.

உணவைப் பற்றிச் சிறிது. தசைக்குப் புரதம் வேண்டும். முதியவர்கள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாள்தோறும் உண்ண வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவே கொள்ள வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 60 கிராம். இரசம் சோறும் ஊறுகாயும் உண்டு படுப்பவருக்கு இதில் பாதியும் கிடைக்காது. 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் ஏறத்தாழ 10 கிராம் புரதம். 200 மில்லி பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல். பருப்பு, பயறு, தயிர் என்று மூன்று வேளையிலும் பிரித்து உண்பது நல்லது. ஏகாதசி உபவாசத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையோடு பாசிப்பருப்பையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவு மட்டும் போதுமா என்றால், போதாது. முன்னே சொன்ன பாஸ்டன் மருத்துவரே 1994இல் நூறு முதியவர்களிடம் இதை ஆராய்ந்தார். பயிற்சியின்றிச் சத்துப்பானம் மட்டும் அருந்தியவர்களுக்கு வலிமை கூடவில்லை.

உதவிக்கு யாரை நாடுவது? முதியோர் மருத்துவத்தில் தமிழகம் முன்னோடி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன்; 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் தன்னார்வலப் பெண்களை அறிவீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அதே திட்டத்தில் உண்டு என்பதைப் பலர் அறியார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

எங்கள் தெரு மூதாட்டிக்கும் அப்படித்தான் உதவி கிடைத்தது. மாத்திரை கொடுக்க வந்த பெண்ணிடம் நான் பேருந்துப் படியின் கதையைச் சொன்னேன். இரண்டு வாரத்தில் இயன்முறை மருத்துவர் வந்தார். நாற்காலிப் பயிற்சியோடு, வாசற்படியில் ஒரு காலை ஏற்றி இறக்கும் பயிற்சியையும், திண்ணைத் தூணைப் பிடித்தபடி செய்யக் கற்றுக்கொடுத்தார். மூதாட்டிக்கு எண்ணிக்கை நினைவில் நிற்பதில்லை. ஆறெழுத்தைச் சொல்லிக்கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். “நடவுப் பாட்டுல கூட இப்படித்தான் வாத்தியாரய்யா, பாட்டு முடியுறதுக்குள்ள வரிசை முடிஞ்சிடும்” என்றார்.

ஆடிக் கிருத்திகை நெரிசலுக்கு அஞ்சி, ஆவணிக் கிருத்திகைக்குப் புறப்பட்டோம். நான்கு மாதப் பயிற்சிக்குப் பின் என் கணக்கு 13 விநாடிகள். மருத்துவர் சொன்ன எல்லைக்குள் இன்னும் வரவில்லை. கெண்டைக்கால் அப்படியே இருக்கிறது. ஆனால் தரையிலிருந்து ஒரு கை ஊன்றி எழ முடிகிறது. ஒரகடம் சந்திப்பில் பேருந்து வந்து நின்றது. மூதாட்டி இரு கைகளாலும் கம்பியைப் பற்றி, வலக்காலைத் தூக்கி அந்த முதல் படியில் வைத்தார். ஒரு கணம் நின்றார். நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். ஏறிவிட்டார்.

வல்லக்கோட்டை நிறுத்தத்தில் இறங்கும்போது படியின் விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்தார். “ஏறுறதுக்குச் சொல்லிக்குடுத்தீங்க. இறங்குறதுக்கு என்ன மந்திரம் வாத்தியாரய்யா?”

“அதே ஆறெழுத்துதான் அம்மா. இறங்கும்போதுதான் இன்னும் மெதுவாகச் சொல்ல வேண்டும்.”

சொல்லிக்கொண்டே இறங்கினார்.